வாழை பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி பெர்ரி இல்லை: இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்?

#1 இலைநுனி

"வாழைப்பழம் பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி பெர்ரி இல்லை" என்ற துணுக்கை எல்லோரும் எங்காவது படித்திருப்பீர்கள். விநாடி வினாக்களில் தவறாமல் வருகிறது. சொல்பவர் முகத்தில் ஒரு பெருமிதமும் தவறாமல் வருகிறது. விதி என்ன என்று கேட்டால் மட்டும், "விதை உள்ளே இருந்தால் பெர்ரி, வெளியே இருந்தால் இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மாம்பழத்தின் விதையும் உள்ளேதான் இருக்கிறது. அதை ஏன் யாரும் பெர்ரி என்று சொல்வதில்லை?

தாவரவியலில் இருக்கும் வரையறைதான் என்ன, அது முரணில்லாமல் நிற்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய், திராட்சை, பூசணி எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் அடைத்தால், அந்தப் பெயரால் யாருக்கு என்ன பயன்?

#2 பூவியல்

விதை உள்ளே, வெளியே என்பது விதியே அல்ல. பழத்தைப் பார்த்துத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். பூவிலிருந்து தொடங்க வேண்டும்.

பூவின் நடுவில் சூற்பை. அதற்குள் சூல்கள். கருவுற்ற பிறகு சூல்கள் விதைகளாகின்றன, சூற்பையின் சுவர் கனித்தோலாகிறது. கனித்தோல் என்றதும் நாம் உரித்து எறியும் தோலை நினைத்துக்கொள்ளக் கூடாது. மாம்பழத்தில் நாம் தின்னும் சதையும் கனித்தோலைச் சேர்ந்ததுதான். அதில் வெளித்தோல், நடுத்தோல், உள்தோல் என்று மூன்று அடுக்குகள் உண்டு. கனிகளை வகைப்படுத்தும்போது இந்த மூன்றுக்கும் என்ன நேர்கிறது என்றுதான் பார்க்கிறோம்.

ஒரு பூவின் ஒரே சூற்பையிலிருந்து உருவாகி, உள்தோல் வரை எங்கும் ஓடாக இறுகாமல், பழுத்த பின்பும் தானாக வெடிக்காமல் இருக்கும் சதைக்கனிதான் பெர்ரி. விதைக்கும் சதைக்கும் நடுவே ஓடு கிடையாது. மாம்பழத்தில் உள்தோல் கடினமான ஓடாகிவிடுகிறது. விதை அந்த ஓட்டுக்குள் இருக்கிறது. அதனால் அது ட்ரூப். பீச், செர்ரி, ஆலிவ் எல்லாம் அப்படியே.

தக்காளியைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். வெளிச்சுவர், உள்ளே அறைகள், அறைகளுக்குள் விதைகளைச் சூழ்ந்த வழவழப்பான கூழ். அந்தக் கூழ் சூல்கள் ஒட்டியிருந்த திசுவிலிருந்து வளர்ந்தது. மிளகாயில் அதே திசு வெள்ளை நரம்பாக நிற்கிறது. காரம் உற்பத்தியாகும் இடம் அதுதான், விதை அல்ல. வெள்ளரி, பூசணி, தர்பூசணி ஆகியவற்றுக்குத் தடித்த புறத்தோல் உண்டு என்பதால் பெப்போ என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். எலுமிச்சைக் குடும்பத்துக்கு ஹெஸ்பெரிடியம். அங்கே சாறு நிறைந்த சுளைப் பைகள் உள்தோலிலிருந்து முளைத்த மயிர்கள். இரண்டையும் பெர்ரியின் உட்பிரிவாகவே பலரும் கொள்கிறார்கள்.

#3 தும்பி

பேரீச்சம்பழத்துக்கு என்ன சொல்வீர்கள்? உள்ளே பல்லை உடைக்கும் கொட்டை ஒன்று இருக்கிறது. உங்கள் விதிப்படி அது ட்ரூப் ஆக வேண்டும். பாடநூல்கள் பெர்ரி என்கின்றனவே?

#4 பூவியல்

மிகச் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். கடினமாக இருக்கிறதா என்பது மட்டும் கேள்வி இல்லை, எது கடினமாக இருக்கிறது என்பதே கேள்வி. மாங்கொட்டையை உடைத்தால் உள்ளே மென்மையான பருப்பு தனியாக வரும். ஓடு கனித்தோல், பருப்பு விதை. பேரீச்சங்கொட்டையை அப்படி உடைத்து உள்ளே வேறொரு விதையை எடுக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கொட்டை முழுவதுமே விதை. நாற்றுக்கு வேண்டிய உணவு அதில் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. அதன் உள்தோலைப் பார்க்க வேண்டுமா? பழத்தைப் பிளக்கும்போது கொட்டையைச் சுற்றி மெல்லிய காகிதம் போல ஒரு சவ்வு ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான். ஆகவே ஒற்றை விதை பெர்ரி.

தென்னையும் பேரீச்சையும் ஒரே பனைக் குடும்பம். ஆனால் தேங்காய் ட்ரூப். நார் நடுத்தோல், சிரட்டை உள்தோல்.

அவகாடோவிலும் பேரீச்சையைப் போலத்தான்: பெரிய விதை, அதைச் சுற்றி இருப்பது தெரியாத அளவுக்கு மெல்லிய உள்தோல். பெரும்பாலோர் பெர்ரி என்கிறார்கள், சிலர் ட்ரூப் என்றே எழுதுகிறார்கள். விநாடி வினாவில் அதை வைத்தால் சண்டை நிச்சயம்.

#5 குறுக்குச்சால்

பூவியல் எளிதாக ஒன்றைத் தாண்டிப் போய்விட்டார்.

"சூற்பையின் சுவர் கனித்தோலாகிறது" என்றீர்கள். சூற்பை எங்கே அமர்ந்திருக்கிறது என்று சொல்லவில்லை. தக்காளி, கத்தரி, திராட்சை ஆகியவற்றில் சூற்பை மற்றப் பூவுறுப்புகளுக்கு மேலே இருக்கிறது, மேல்மட்டச் சூற்பை. வாழை, கொய்யா, வெள்ளரி, புளூபெர்ரி ஆகியவற்றில் அது பூவுறுப்புகளைத் தாங்கும் அடிப்பகுதியான பூத்தளத்துக்குள் அமிழ்ந்து, புல்லியும் அல்லியும் அதன் தலைக்கு மேலே நிற்கின்றன, கீழ்மட்டச் சூற்பை. இப்படிப்பட்ட பூவில் கனியின் வெளிப்புறத்தில் சூற்பை அல்லாத திசுவும் கலந்துவிடுகிறது. வரையறையைக் கறாராகப் பிடிப்பவர்கள் இவற்றைப் பொய் பெர்ரி என்று தனியே ஒதுக்குகிறார்கள்.

கண்டுபிடிக்க நுண்ணோக்கி தேவையில்லை. புல்லியின் மிச்சம் எந்த முனையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். கத்தரியின் தொப்பி காம்போடு இருக்கிறது, மேல்மட்டம். கொய்யாவிலும் மாதுளையிலும் கிரீடம் காம்புக்கு எதிர் முனையில் இருக்கிறது, கீழ்மட்டம். புளூபெர்ரியின் தலையில் தெரியும் சிறிய நட்சத்திர வட்டமும் அதே கதைதான்.

ஆகவே, சதை சூற்பையிலிருந்து வரவில்லை என்று சொல்லி ஸ்ட்ராபெர்ரியைப் பொய்க்கனி என்று வெளியேற்றும் அதே வாளை ஒழுங்காக வீசினால் வாழையின் தலையும் உருள வேண்டும். ஒன்றுக்குக் கறார் விதி, இன்னொன்றுக்குத் தளர்ந்த விதி. அந்தத் துணுக்கு உயிர்வாழ்வதே இந்த ஓரவஞ்சனையால்தான்.

#6 இலைநுனி

அப்படியானால் பெயரிலேயே பெர்ரி என்று இருப்பவற்றுள் கறார் விதியிலும் தேறுவது ஏதாவது உண்டா?

#7 குறுக்குச்சால்

மிகக் குறைவு. கோஜி பெர்ரி தேறும். அது தக்காளியின் குடும்பம், மேல்மட்டச் சூற்பை. பார்பெர்ரி தேறும். புளூபெர்ரி, கிரான்பெர்ரி, முள் நிறைந்த கூஸ்பெர்ரி மூன்றும் கீழ்மட்டம் என்பதால் தளர்ந்த விதியில் மட்டும் தேறும். அசாய் பெர்ரி ட்ரூப். சோக்பெர்ரி ஆப்பிளின் வகையைச் சேர்ந்த போம். ராஸ்பெர்ரி, பிளாக்பெர்ரி, மல்பெரி எல்லாம் எந்த விதியிலும் தேறாது.

#8 பூவியல்

கறார் விதி என்று ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் அதுவே தாவரவியலின் தீர்ப்பு என்று எழுதாதீர்கள். களநூல்களும் தாவர வகைப்பாட்டு நூல்களும் வாழையின் கனியைப் பெர்ரி என்றுதான் விவரிக்கின்றன. சூற்பையின் நிலையைத் தனியாகக் குறிக்க ஏற்கெனவே சொற்கள் இருக்கும்போது கனியின் பெயரிலும் அதைத் திணிக்க வேண்டிய தேவை இல்லை என்பது பெரும்பான்மையோர் நடைமுறை.

ஸ்ட்ராபெர்ரியையும் வாழையையும் ஒரே தராசில் வைப்பதும் சரியில்லை. வாழையில் சதையின் பெரும்பகுதி சூற்பையைச் சார்ந்தது. தோலை உரித்துப் பழத்தை நுனியிலிருந்து மெல்ல அழுத்தினால் நீளவாக்கில் மூன்றாகப் பிரியும். சூற்பையின் மூன்று சூலக இலைகள் அவை. நடுவில் தெரியும் கரும்புள்ளிகள் கருவுறாத சூல்கள். நாம் உண்ணும் கேவண்டிஷ் வகைக்கு மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் இருப்பதால் விதை பிடிக்காது, கருவுறாமலே காய்க்கிறது. காட்டு வாழையில் கல் போன்ற கறுப்பு விதைகள் நிறைந்திருக்கும். அதைப் பார்த்தவர்களுக்குப் பெர்ரி என்பதில் ஐயமே வராது. ஸ்ட்ராபெர்ரியில் நாம் தின்னும் சிவப்புச் சதையில் சூற்பையின் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

#9 பாத்திகட்டி

ஸ்ட்ராபெர்ரி வளர்ப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இந்த விவாதத்தில் அது எப்போதும் குற்றவாளிக் கூண்டிலேயே நிற்கிறது, ஆனால் உள்ளே நடப்பது பெர்ரியைவிடச் சுவையானது.

பூவின் நடுவில் குவிந்த மேடு போன்ற பூத்தளம். அதன்மேல் நூற்றுக்கணக்கான தனித்தனிச் சூற்பைகள். ஒவ்வொன்றும் முதிர்ந்து அக்கீன் என்னும் உலர்ந்த சிறு கனியாகிறது. நாம் விதை என்று சொல்லும் அந்தப் புள்ளிகள் விதைகள் அல்ல, ஒவ்வொன்றும் முழுக்கனி. விதை அதற்குள் இருக்கிறது. வீங்கிச் சிவந்து இனிப்பது கீழே இருந்த மேடு.

அந்த மேடு ஏன் வீங்குகிறது? 1950-இல் நீச் என்ற ஆய்வாளர் இளம்பிஞ்சுகளிலிருந்து அக்கீன்களைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தார். மேடு வளராமல் நின்றுவிட்டது. சில அக்கீன்களை மட்டும் விட்டுவைத்தபோது அவற்றின் அடியில் மட்டும் சதை புடைத்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் கலந்த பசையைத் தடவியபோது, அக்கீன் ஒன்றுகூட இல்லாமலே மேடு வளர்ந்தது. அக்கீன்களுக்குள் வளரும் விதைகள் அனுப்பும் ஆக்சின்தான் கட்டளை என்று தெளிவானது.

தோட்டத்தில் இதை அன்றாடம் பார்க்கிறோம். தேனீ வராத நாட்களில் பூத்த பூக்களிலிருந்து ஒரு பக்கம் சப்பையாக, கோணல்மாணலாகப் பழங்கள் வரும். சிலர் நோய் என்று மருந்தடிக்க ஓடுவார்கள். உற்றுப் பார்த்தால் சப்பையான இடத்தில் அக்கீன்கள் பொடியாக, நெருக்கமாகக் கிடக்கும். அங்கே மகரந்தச்சேர்க்கை நடக்கவில்லை. குளிரும் பூச்சியும்கூடப் பழத்தைக் கோணலாக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் "விதை வெளியே இருக்கிறது" என்ற ஒரு வரியோடு நிறுத்துபவர்களுக்கு இந்தப் பயன் கிடைப்பதில்லை.

#10 தும்பி

ராஸ்பெர்ரிக்கும் பிளாக்பெர்ரிக்கும் இதே கணக்குத்தானா?

#11 பாத்திகட்டி

தொடக்கம் ஒன்று, முடிவு வேறு. ஒரே பூவில் பல சூற்பைகள் என்பது வரை ஸ்ட்ராபெர்ரியைப் போலத்தான். ஆனால் இங்கே ஒவ்வொரு சூற்பையும் குட்டி ட்ரூப் ஆகிறது. சதை, அதற்குள் ஒரு துளி ஓடு, அதற்குள் விதை. பல்லில் கடிபடுவது அந்த ஓடுதான். இப்படிச் சேர்ந்து நிற்பதைத் திரள்கனி என்கிறோம். ராஸ்பெர்ரியைப் பறித்தால் பூத்தளம் செடியிலேயே நின்றுவிடும், அதனால் பழத்துக்குள் குழி இருக்கும். பிளாக்பெர்ரி பூத்தளத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முயலாதீர்கள், கறுப்பு ராஸ்பெர்ரியும் உண்டு.

மல்பெரி பார்வைக்கு அதே போல இருந்தாலும் ஒரே பூவிலிருந்து வருவதில்லை. பூங்கொத்து முழுவதும் சேர்ந்து ஒரு பழமாகிறது, கூட்டுக்கனி.

#12 குறுக்குச்சால்

இங்கே எல்லோரும் ஒன்றை ஒப்புக்கொண்டது போலப் பேசுகிறீர்கள்: பொதுமக்கள் பெர்ரி என்ற சொல்லைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், தாவரவியல் திருத்துகிறது என்று. வரிசை தலைகீழ். ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறிய, சாறுள்ள பழங்களுக்கு வழங்கிவருகிறது. பழைய ஆங்கிலத்தில் திராட்சைக்கே 'வைன் பெர்ரி' என்ற பொருளில்தான் பெயர். தாவரவியலாளர் லின்னேயஸ் தன் 'ஃபிலாசஃபியா பொட்டானிகா' நூலில் கனி வகைகளை வரையறுத்தது 1751-இல். அவர் எழுதியது லத்தீனில், 'பாக்கா' என்ற சொல்லை வைத்து. சதை நிறைந்தது, வெடிக்காதது, விதைகள் வேறு உறையின்றி உள்ளே இருப்பது என்பது அவர் சொன்ன இலக்கணம். பின்னால் வந்தவர்கள் அந்த 'பாக்கா'வுக்கு ஈடாக ஊரார் வாயிலிருந்த சொல்லைக் கடன் வாங்கினார்கள். கடன் வாங்கியவர் கொடுத்தவரைப் பார்த்து "உனக்கு இந்தப் பொருளைப் பயன்படுத்தத் தெரியவில்லை" என்பது நல்ல வேடிக்கை.

#13 பூவியல்

கடன் வாங்கியது உண்மை. விசை, வேலை, ஆற்றல் என்று இயற்பியலும் அப்படித்தான் வாங்கியது. அதற்காக யாரும் இயற்பியல்மேல் வழக்குப் போடுவதில்லை. சிறிய, சாறுள்ள, கையில் எடுத்து அப்படியே வாயில் போடக்கூடிய பழம் என்பது உண்பவரின் வகை. அது பழத்தின் உள்ளே என்ன நடந்தது என்று எதையும் சொல்லாது. செடியை அடையாளம் காண வேண்டியவருக்கு அது போதாது.

நீங்கள் #5-இல் வீசிய வாளைச் சற்று உறையில் வையுங்கள். வாழை பெர்ரி என்று மாணவரிடம் சொல்லும்போது அவர் வியந்து போய்ப் பழத்தை வெட்டிப் பார்க்கிறார். அந்தத் துணுக்கால் எனக்குக் கிடைக்கும் ஒரே லாபம் அது, அதை விட்டுத்தர மாட்டேன்.

#14 குறுக்குச்சால்

வெட்டிப் பார்க்கட்டும், எனக்கு மகிழ்ச்சி. வெட்டிப் பார்க்காமல் அடுத்தவரை மட்டம் தட்டுவதற்கு மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு வருபவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

#15 வழக்கேடு

உங்கள் இருவருக்கும் நடுவே சட்டமும் இருக்கிறது. அது இரு தரப்பையும் கேட்டுவிட்டுத் தன் வழியில் போயிருக்கிறது.

அமெரிக்காவின் 1883-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இறக்குமதியாகும் காய்கறிகளுக்கு 10 சதவீத வரி விதித்தது. பழங்களுக்கு அந்த வரி இல்லை. தக்காளி இறக்குமதி செய்த நிக்ஸ் என்ற வணிகக் குடும்பத்தினர், தக்காளி தாவரவியல்படி பழம், எனவே கட்டிய வரியைத் திருப்பித் தர வேண்டும் என்று நியூயார்க் துறைமுகத்தின் சுங்க அதிகாரி ஹெட்டன்மீது வழக்குத் தொடுத்தனர். 1893 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தாவரவியலை நீதிமன்றம் மறுக்கவே இல்லை. தக்காளி கொடியின் கனிதான், வெள்ளரியும் பூசணியும் பீன்ஸும் பட்டாணியும்கூட அப்படியே என்று நீதிபதி கிரே எழுதினார். ஆனால் வணிகத்திலும் பொதுப் பேச்சிலும் அவை காய்கறிகள், உணவின் முக்கியப் பகுதியோடு பரிமாறப்படுகின்றன, கடைசியில் இனிப்பாக வருவதில்லை, ஆகவே வரிக்கு அவை காய்கறிகளே என்றார். விசாரணையில் இரு தரப்பும் அகராதிகளை வாசித்துக் காட்டியது இந்த வழக்கின் அழகு. அகராதிகளைச் சாட்சியமாகக் கொள்ள முடியாது, நினைவூட்டலாக மட்டுமே கொள்ளலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மறுபக்கம் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001-ஆம் ஆண்டு ஜாம் நெறிமுறை, ஜாம் தயாரிப்புக்காகத் தக்காளியைப் பழமாகக் கொள்கிறது. அதோடு நிற்கவில்லை, கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ரூபார்ப் தண்டு ஆகியவையும் அந்த நெறிமுறைக்குப் பழங்களே. ஒரு வேரைப் பழம் என்று சொல்லத் தாவரவியலாளர் யாருக்கும் துணிவு வராது.

பெர்ரி என்ற பெயருக்கே நேரடியாக வரும் இடம் உணவுத் தரத்துக்கான சர்வதேச அமைப்பான கோடெக்ஸின் வகைப்பாடு. அதில் 'பெர்ரிகளும் பிற சிறுபழங்களும்' என்று ஒரு குழு உண்டு. ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, புளூபெர்ரி, திராட்சை எல்லாம் அதில் சேர்ந்து அமர்ந்திருக்கின்றன. வாழையும் அவகாடோவும் 'தோல் உண்ணப்படாத வெப்பமண்டலப் பழங்கள்' பக்கம் போய்விட்டன. பூச்சிமருந்து எச்சத்துக்கு வரம்பு வைப்பதுதான் அந்தப் பட்டியலின் வேலை. தோலோடு முழுதாக உண்ணும் சிறுபழத்தில் மேற்பரப்பு அதிகம், ஒட்டியிருக்கும் மருந்தும் நேராக வயிற்றுக்குப் போகும். வாழையில் தோலை உரித்துவிடுகிறோம். இந்த வேலைக்கு ஸ்ட்ராபெர்ரியும் திராட்சையும் ஒரே வகைதான், சூற்பை எங்கே இருந்தால் என்ன?

#16 இலைநுனி

இது நான் எதிர்பார்க்காத கோணம். ஊரார் சொல்வது வெறும் பேச்சு வழக்கு, ஒழுங்கில்லாதது என்றுதான் பலரும் நினைக்கிறோம். எச்ச வரம்பு வைப்பவருக்கு அந்த வழக்குதான் சரியாகப் பொருந்துகிறது.

#17 மழைத்துளி

புதிதாகப் படிப்பவர் கேட்கும் கேள்வி, கோபிக்க வேண்டாம். தாவரவியலில் பெர்ரி என்றால் உண்ணத்தக்கது என்று பொருளா?

#18 நெறியாளர்

இதற்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன், காத்திருக்க வேண்டாம். இல்லை, எந்த வகையிலும் இல்லை. பெல்லடோனாவின் பளபளக்கும் கறுப்புக் கனி எல்லா இலக்கணமும் பொருந்திய பெர்ரி, கொல்லக்கூடிய நஞ்சு. உருளைக்கிழங்குச் செடியில் பூவுக்குப் பிறகு வரும் பச்சைக் காய்கள் சிறு தக்காளியைப் போலவே இருக்கும், அவையும் பெர்ரி. சோலனின் என்ற நஞ்சு உள்ளதால் உண்ணக் கூடாது. குழந்தைகள் இருக்கும் இடத்தில் அவற்றைப் பறித்து அப்புறப்படுத்துவது நல்லது. கனியின் வகையை வைத்தோ, நிறத்தை வைத்தோ, பறவை தின்கிறது என்பதை வைத்தோ எதையும் வாயில் வைக்காதீர்கள்.

#19 பூவியல்

நெறியாளர் பறவையைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. காட்டு மிளகாயில் அது தெளிவாகத் தெரியும். காரம் தரும் கேப்சைசின் பாலூட்டிகளின் வாயில் எரிகிறது, பறவைகளுக்கு உறைப்பதில்லை. பாலூட்டிகள் விதையைக் கடித்து நொறுக்கிவிடும். பறவைகள் விழுங்கி முளைக்கும் நிலையிலேயே வெளியேற்றும். யாருக்குப் பரிமாற வேண்டும் என்பதைச் செடி முடிவு செய்துவிட்டது. 2001-இல் இதைக் களத்திலேயே ஆய்ந்து காட்டினார்கள்.

பயன் என்ன என்று #1-இல் கேட்டதற்கு இங்கிருந்துதான் பதில் வருகிறது. பெர்ரி என்பது உறவு முறையைக் காட்டும் பெயர் அல்ல. தக்காளியின் குடும்பத்திலேயே புகையிலை, ஊமத்தை, பெட்டூனியா எல்லாம் உலர்ந்து வெடிக்கும் கனிகளைத் தருகின்றன. தக்காளி, கத்தரி, மிளகாய் பெர்ரிகளைத் தருகின்றன. திராட்சை, வாழை, பேரீச்சை மூன்றும் ஒன்றுக்கொன்று தொலைவான கிளைகள், தனித்தனியே இந்த அமைப்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. உலர்ந்த சுவர் எப்படிச் சதையானது, ஏன் சில கிளைகளில் மட்டும், எந்த விலங்குக்காக என்றெல்லாம் கேட்க வேண்டுமென்றால் அமைப்புக்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது.

எல்லைகள் மங்கலாக இருப்பதை மறைக்கவில்லை. முசா வெலுட்டினா என்ற இளஞ்சிவப்பு வாழை பழுத்ததும் தானே தோலை உரித்துக்கொண்டு விரிகிறது. "வெடிக்காது" என்ற விதி அங்கே உடைகிறது. மாதுளையில் நாம் உண்பது கனித்தோலே அல்ல, விதையின் வெளியுறை. அதற்குச் சிலர் பாலாஸ்டா என்று தனி வகை வைக்கிறார்கள், சிலர் பெர்ரி என்றே விட்டுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் பிரித்துவிடலாம் என்று இறங்கிய ஸ்பியுட் என்பவர் 1994-இல் வெளியிட்ட நூலில் கனி வகைகள் தொண்ணூறைத் தாண்டிவிட்டன. லின்னேயஸுக்கு எட்டு போதுமாயிருந்தது. தொண்ணூறை நினைவில் வைப்பவர் யார் என்று கேட்காதீர்கள்.

#20 வழக்கேடு

காப்பிப் பழத்தையும் பலர் பெர்ரி என்று எழுதுகிறார்கள். வணிகத்தில் செர்ரி என்கிறார்கள். எது?

#21 பாத்திகட்டி

வணிகர்கள் பக்கம் நிற்கிறேன். காப்பியின் ஒவ்வொரு விதையையும் மூடி ஒரு கெட்டியான மஞ்சள் உறை இருக்கிறது, பதப்படுத்தும்போது உடைத்து நீக்குவார்கள். அது உள்தோல். ஆகவே ட்ரூப். செர்ரியும் ட்ரூப் என்பதால் வணிகப் பெயர் எதேச்சையாகச் சரியாக அமைந்துவிட்டது.

#22 தும்பி

ஜூனிப்பர் பெர்ரி?

#23 பூவியல்

அது கனியே அல்ல. ஜூனிப்பர் ஊசியிலை மரவகை. அதற்குப் பூவும் இல்லை, சூற்பையும் இல்லை. பைன் மரத்தில் கட்டைச் செதில்களாக விரியும் அதே கூம்பு இங்கே சதைச் செதில்களாக ஒட்டிக்கொண்டு உருண்டையாகிவிடுகிறது. நன்றாகப் பார்த்தால் நுனியில் செதில்கள் சேர்ந்த கோடுகள் தெரியும்.

#24 மழைத்துளி

கடைசியாக ஒன்று. அன்னாசியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

#25 பாத்திகட்டி

கூட்டுக்கனி. ஒரே தண்டைச் சுற்றி நெருக்கமாகப் பூத்த பூக்கள் எல்லாம் இணைந்தது. மேலே தெரியும் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூவின் இடம். அந்தப் பூ ஒவ்வொன்றும் தந்தது ஒரு பெர்ரி. ஆகவே, பெர்ரிகளால் ஆன கூட்டுக்கனி.

#26 குறுக்குச்சால்

கீழ்மட்டச் சூற்பை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.